பட்டாவில் யார் பேர்?

(வாழப்பாடி அருகே மகளிர் குழுக்களின் கூட்டத்தில் ஓய்வுபெற்ற உதவி வேளாண்மை அலுவலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பத்து மணிக் கூட்டம் பதினொன்றுக்குத் தொடங்குகிறது. அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். பால் கறந்து சொசைட்டியில் ஊற்றி, சோறாக்கி, பிள்ளைகளை அனுப்பி, மாட்டுக்குத் தண்ணி காட்டிக் கட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். நேரத்தோடு வந்தவர்கள் மேடையில் இருக்கிற நாங்கள் மட்டும்தான்.

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். வேலையில் இருந்தபோது நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை என் கையால் நிரப்பியிருக்கிறேன். அதில் 'தொழில்' என்று ஒரு கட்டம் வரும். எதிரே ஓர் அம்மா நிற்பார். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டில் களை வெட்டிவிட்டு நேரே வந்திருப்பார், நகக்கண்ணில் செம்மண் காய்ந்திருக்கும். நான் அவரைக் கேட்காமலேயே 'இல்லத்தரசி' என்று எழுதுவேன். அவர் வீட்டுக்காரருக்கு 'விவசாயி'. அந்த நேரம் அவர் டீக்கடையில் இருந்திருப்பார், அது வேறு விஷயம். ஒருநாள் பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு பாட்டி, "என்ன சாமி எழுதுன?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன். "அரசியா? எந்த ஊருக்கு?" என்றார். அதற்கப்புறம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

ஆனால் கட்டத்தில் 'விவசாயி' என்று மாற்றி எழுதியதால் அந்தப் பாட்டிக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. அரசாங்கக் கணக்கில் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் விவசாயி. வருஷத்துக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசானுக்குப் பேரில் நிலம் வேண்டும். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா, என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் வேண்டும். சிறு குறு விவசாயிக்கு சொட்டுநீருக்கு நூறு சதவீத மானியம் உண்டு, அதற்கும் சிட்டா வேண்டும். இப்போது ஆதாரோடு பட்டாவை இணைத்து விவசாயிகளுக்குத் தனி எண் கொடுக்கிறார்கள். பட்டா இல்லாதவளுக்கு அந்த எண்ணும் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவில் சாகுபடி நிலங்களைப் பெண்கள் நிர்வகிப்பதாகப் பதிவானது சுமார் 14 சதவீதம்தான். மீதி நிலத்திலெல்லாம் களை தானாகவா காய்ந்து போனது?

2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அறிவித்தார்கள். நிவாரணப் படிவத்தோடு ஓர் அக்கா வந்தார். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம், மூன்று ஏக்கரை ஒற்றை ஆளாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டா மாமனார் பேரில் இருந்தது. மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஓர் அலுவலகத்தில் அந்தப் படிவத்தைத் தனியாக எடுத்து ஓரமாக வைத்தார்கள். அந்த ஓரத்திலேயே எத்தனை நாள் கிடந்தது என்பது எனக்குத் தெரியும். கருகியது அந்த அக்காவின் பயிர். காகிதத்தில் அது செத்துப்போனவரின் பயிர்.

இதை யாரும் யோசிக்காமல் இல்லை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 2012 மே மாதம் மாநிலங்களவையில் பெண் விவசாயிகளின் உரிமைக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நிலம் பேரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விவசாய வேலை செய்கிற பெண்ணுக்கு கிராம சபை ஒப்புதலோடு ஊராட்சி 'விவசாயி' என்று சான்று கொடுக்கலாம் என்றது அது. அடுத்த வருஷமே அவர் பதவிக்காலம் முடிந்தது, மசோதாவும் காலாவதியாகிவிட்டது. என்னைக் கேட்டால், அதை நாமே ஓரளவு செய்து பார்க்கலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும்போது, 'எங்கள் ஊரில் விவசாயம் செய்கிற பெண்கள் இவர்கள்' என்று பெயர்ப் பட்டியலோடு தீர்மானம் போடச் சொல்லுங்கள். சட்டத்தில் அதற்குப் பெரிய பலம் கிடையாது. ஆனால் தீர்மான நோட்டில் உங்கள் பேர் ஏறும்.

சரி, பட்டாவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் கல்யாணம் ஆனவர்கள் விடுபட்டிருந்தார்கள். 2005-ல் மத்திய சட்டம் வந்து அந்தக் குறை தீர்ந்தது. அந்தச் சட்டம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும், தேவையில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. அப்புறமும் ஏன் உங்கள் பேர் பட்டாவில் இல்லை? விடுதலைப் பத்திரம். 'என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன்' என்று அண்ணன் தம்பிக்குக் கையெழுத்துப் போட்டோமே, அதுதான்.

நானும் போட்டவள்தான். 1996-ல் அப்பா காரியம் முடிந்த மறுவாரம், சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் புளியமரத்தடியில் உட்கார்ந்து போட்டேன். சட்டம் தெரியாதவள் இல்லை, அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள். "பங்கு கேட்டா பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சு போயிரும்" என்று பெரியம்மா காதில் சொன்னார். ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள். பொங்கல் சீர் வருஷா வருஷம் வரும் என்றார்கள். நாலு வருஷம் வந்தது. அண்ணனைக் குறை சொல்லவில்லை, கிணறு வற்றி அவர் பாடே பெரும்பாடு. ஆனால் நான் விட்டுக்கொடுத்தது ஒன்றே முக்கால் ஏக்கர். அதற்கு எந்தச் சீர் ஈடு?

ஏற்காட்டிலிருந்து வந்திருக்கும் அம்மாக்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் வேறு. நான் சொன்ன வாரிசுச் சட்டம் பழங்குடியினரைத் தொடாது. சட்டத்திலேயே அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. அதனால் சேர்வராயன் மலையில் 'எங்க வழக்கத்துல பொண்ணுக்குப் பங்கில்ல' என்று சொன்னால் எதிர்த்துப் பேச முடியாமல் இருந்தது. சத்தீஸ்கரில் ஒரு பழங்குடிக் குடும்பத்தின் வழக்கில், பெண் வாரிசுக்குச் சமபங்கு மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெண்ணுக்குப் பங்கில்லை என்று ஒரு வழக்கம் இருப்பதாக எதிர்த் தரப்பால் அங்கே நிரூபிக்க முடியவில்லை. இனி யாராவது வழக்கம் என்றால், அதை நிரூபித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நிலமே இல்லாதவர்களும் இங்கே பாதிப் பேர் இருக்கிறீர்கள். காப்பிப் பழம் பறிக்கிறவர்கள், கிழங்குத் தோல் சீவுகிறவர்கள், ஜவ்வரிசி காயப்போடுகிறவர்கள். கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று பாயிண்ட் பார்த்து விலை பேசும் இடத்தில் ஒரு பெண்ணை நான் பார்த்ததே இல்லை. சமவேலைக்குச் சமகூலி என்று 1976-லேயே சட்டம் போட்டார்கள், காட்டில் இன்னும் ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு கணக்கு. கூலியைப் பற்றிப் பேசினால் இன்றைக்கு முடியாது. நில விஷயம் மட்டும் சொல்கிறேன். ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண்களில் நிலமில்லாத விவசாயத் தொழிலாளிகளுக்கு நிலம் வாங்க, அரசின் ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமான தாட்கோவில் 'நன்னிலம்' திட்டம் இருக்கிறது. பாதி விலை மானியம், அதிகபட்சம் 5 லட்சம். பத்திரம் பெண் பேரில்தான் பதிவாகும். மற்றவர்களும், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததை மறந்துவிடாதீர்கள்.

2021-ல் பத்மஸ்ரீ வாங்கிய தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியை எல்லாரும் இயற்கை விவசாயத்துக்காகப் பேசுவார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. கடை நடத்திச் சேர்த்த காசில் அவர் நிலம் வாங்கினார். நூறு வயதைத் தாண்டியும் அந்த மண்ணில் என்ன பயிர் வைப்பது என்று யாரையும் கேட்க வேண்டிய நிலை அவருக்கு இருந்ததில்லை.

பின்னால் நீல டேபிளில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்காரரை இழந்தவர்கள் முதலில் அங்கே போங்கள். அவர் பேரில் இருந்த நிலத்தில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சமபங்கு உண்டு. இறப்புச் சான்றும் ஆதாரும் இருந்தால் வாரிசுச் சான்றிதழுக்கு இங்கேயே எழுதிக் கொடுப்பார்கள், அது கையில் வந்ததும் பட்டா மாறுதலுக்குப் போடலாம். விடுதலைப் பத்திரத்தில் இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் என்னிடம் வாருங்கள். ஏற்காடு அம்மாக்களை முன்னால் விடுங்கள், பஸ்ஸை விட்டால் இருட்டிய பிறகுதான் மலை ஏறுவார்கள்.