1959 கார், 2009 கார்: நேருக்கு நேர் மோத விட்டா யாரு பிழைப்பா?

(திரையில்: இரண்டு கார்கள் எதிரெதிரே. மோதுவதற்கு முந்தைய நொடியில் காட்சி உறைகிறது.)

ரெண்டு கார். ரெண்டுமே ஷெவர்லே. ரெண்டுமே குடும்பத்தோட போற செடான். ஒண்ணு 1959 மாடல் பெல் ஏர், இன்னொண்ணு 2009 மாடல் மாலிபு. ரெண்டையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துல எதிரெதிரா விட்டு, டிரைவர் பக்க முன்பாகம் ஒண்ணோட ஒண்ணு இடிக்கிற மாதிரி மோத விட்டாங்க. எந்தக் கார்ல இருந்த ஆளு எழுந்து நடந்து வந்திருப்பாரு?

வீடியோவ நிறுத்திட்டு கமெண்ட்ல பதிலைப் போட்டுட்டு வாங்க. பார்த்து முடிச்சிட்டு வந்து எடிட் பண்ற வேலையெல்லாம் வேணாம், எடிட் பண்ணா எனக்குத் தெரியும்!

வணக்கம் மக்களே. இந்த மோதலை நடத்தினது ஐஐஎச்எஸ். அமெரிக்காவுல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் காசு போட்டு நடத்துற அமைப்பு. விபத்து நடந்தா பணம் கொடுக்கப் போறது அவங்கதான், அதனால எந்தக் கார் ஆளைக் காப்பாத்துதுன்னு தெரிஞ்சுக்கிறதுல அவங்களுக்கு உண்மையான அக்கறை உண்டு. அவ்வளவுதான் முன்னுரை. வாங்க, மோதலைப் பார்ப்போம்.

(திரையில்: மெதுவாக்கிய காட்சி, பக்கவாட்டுக் கோணம்.)

பெல் ஏரைப் பாருங்க. மாலிபுவை விட கிட்டத்தட்ட அரை மீட்டர் நீளம். எடையும் கொஞ்சம் கூடதான். "அந்தக் காலத்துக் காரெல்லாம் கெட்டித் தகடு, இப்ப வர்றதெல்லாம் தட்டினா ஒடுங்குற டப்பா"ன்னு சொல்ற பெரியவர் எல்லாக் குடும்பத்துலயும் ஒருத்தர் இருப்பாரு. அவரைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டுப் பாருங்க.

இப்ப மோதுது. பெல் ஏரோட முன் கண்ணாடி கழண்டு போகுது. டேஷ்போர்டு உள்ள வருது. முன் தூண் பின்னாடி மடங்குது. ஸ்டீயரிங் கம்பி டிரைவரோட நெஞ்சையும் முகத்தையும் நோக்கி வருது. ஏர்பேக் இல்லை, பெல்ட் இல்லை, அடி விழுந்தா சுருங்கிக்கிற ஸ்டீயரிங் கம்பியும் இல்லை. டிரைவர் உட்கார்ற இடம்னு ஒண்ணே மிச்சம் இல்லாமப் போயிடுது. உண்மையான ஆளா இருந்திருந்தா அவர் பிழைச்சிருக்க வழியே இல்லை.

மாலிபு? பேனட் மொத்தமும் நசுங்கிப் போச்சு. பார்த்தா "ஐயோ, கார் போச்சே"ன்னுதான் தோணும். ஆனா முன் தூணைப் பாருங்க, அப்படியே நிக்குது. கதவோட வடிவம் மாறல. உள்ள ஆளுக்குப் பதிலா உட்கார வச்ச சோதனைப் பொம்மைக்குக் கால்ல சின்னக் காயம். அவ்வளவுதான்!

(திரையில்: பெல் ஏரிலிருந்து கிளம்பும் பழுப்பு நிறப் புகை, பெரிதாக்கிக் காட்டவும்.)

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும், எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும். மோதின உடனே பெல் ஏர்ல இருந்து பழுப்பா ஒரு மேகம் கிளம்புதா? இதைப் பார்த்ததும் பழைய கார் ரசிகர்கள் கொந்தளிச்சாங்க. "துருப்பிடிச்ச காரைக் கொண்டு வந்து ஏமாத்திட்டாங்க", "இஞ்சினைக் கழட்டி வச்சுட்டாங்க"ன்னு பெரிய சண்டை. ஐஐஎச்எஸ் பதில் சொல்லுச்சு: இஞ்சின் உள்ளதான் இருந்துச்சு, 3.9 லிட்டர், ஆறு சிலிண்டர். அந்த மேகம் பெரும்பாலும் வருஷக்கணக்கா அடியில சேர்ந்த ரோட்டுப் புழுதி. ஐம்பது வருஷக் கார்ல புழுதி இருக்காம சந்தனமா இருக்கும்?

சரி, புழுதியை விடுங்க. ரசிகர்கள் பேசியிருக்க வேண்டியது பெல் ஏரோட இரும்பு அடிச்சட்டத்தைப் பத்தி. கீழே இருந்து பார்த்தா எக்ஸ் எழுத்து வடிவம். நடுவுல குறுகி, ரெண்டு முனையிலயும் விரியும். இந்த மோதல் ஓரமா வந்து விழுந்துச்சு. அந்த இடத்துல தாங்குறதுக்குப் பெருசா எதுவும் இல்லை. எடையும் நீளமும் இருந்துச்சு, இருக்க வேண்டிய இடத்துல பலம் இல்லை.

இப்ப இன்னொரு விஷயம். 1959ங்கிற வருஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. அதே 1959-ல மெர்சிடிஸ் ஒரு செடானை விக்க ஆரம்பிச்சாங்க. பெலா பரேனிங்கிற இஞ்சினியர் யோசனைப்படி, முன்னாடியும் பின்னாடியும் நசுங்கட்டும், நடுவுல இருக்கிற அறை மட்டும் கெட்டியா நிக்கட்டும்னு வேணும்னே வடிவமைச்ச கார். அதே 1959-ல வால்வோவுல நில்ஸ் போலின் உருவாக்கின மூணு முனை சீட் பெல்ட் கார்ல வந்துச்சு. அந்தக் காப்புரிமையை மத்த கம்பெனிகளும் பயன்படுத்திக்கட்டும்னு வால்வோ திறந்து விட்டுச்சு. ஐஐஎச்எஸ் ஆரம்பிச்சதும் 1959-லதான், இந்த மோதலே அவங்க பொன்விழாவுக்காக நடத்தினது! ஆக, உயிரைக் காப்பாத்துற ரெண்டு பெரிய யோசனையும் பெல் ஏர் ஷோரூம்ல நின்ன அதே வருஷம் வேற கடையில விலைக்குக் கிடைச்சுது. "அந்தக் காலத்துல தெரியாது பாவம்"னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

(திரையில்: கணக்கு. எழுத்துகள் பெரிதாக.)

நசுங்குறது ஏன் நல்லது? கொஞ்சம் கணக்கு, ஓடிடாதீங்க. 64 கிலோமீட்டர் வேகத்துல சுவத்துல இடிக்கிறது, 16 மீட்டர் உயரத்துல இருந்து விழுறதுக்குச் சமம். அஞ்சு மாடி. அந்த வேகத்துல வர்ற கார் 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்னா, உள்ள கட்டியிருக்கிற 70 கிலோ ஆளு மேல சராசரியா 1,900 கிலோ எடை ஏறின மாதிரி அழுத்தம். அதுவே விறைப்பா நின்னு 10 சென்டிமீட்டர்தான் நசுங்குச்சுன்னா 11,000 கிலோ! கார் சப்பையாகுற ஒவ்வொரு சென்டிமீட்டரும் உங்க விலா எலும்புக்குக் கிடைக்கிற சலுகை.

ஆனா அந்த நசுங்கல் உங்க முழங்கால் வரைக்கும் வரக்கூடாது. அதனாலதான் உட்கார்ற அறையைச் சுத்தி இருக்கிற தூண்களை, சிவக்கச் சூடாக்கி அச்சுல அழுத்தின போரான் எஃகுல செய்றாங்க. மீட்புப் பணிக்கு வர்றவங்களோட பழைய கட்டர்கள் இதை வெட்ட முடியாமத் திணறும். அவ்வளவு கெட்டி.

ஏர்பேக் பத்தி உங்களுக்கே தெரியும்: கண் இமைக்கிறதுக்குள்ள விரியும், பெல்ட் போட்டிருந்தாதான் ஒழுங்கா வேலை செய்யும். அடுத்தது.

2012-ல ஐஐஎச்எஸ் ஒரு குறும்பு பண்ணாங்க. அதுவரைக்கும் காரோட முன்பக்கத்துல 40 சதவீதம் தடுப்புல படுற மாதிரி சோதிச்சாங்க. திடீர்னு 25 சதவீதம் மட்டும் படுற சோதனை ஒண்ணையும் கூடச் சேர்த்தாங்க. மரத்துல, கம்பத்துல ஓரமா இடிக்கிற மாதிரி. மெயின் சட்டத்துக்கு வெளியில அடி விழுறதால, அது நேரா சக்கரத்துக்குப் போய், சக்கரம் கால் வைக்கிற இடத்துக்குள்ள வந்துடும். நல்ல பிள்ளைன்னு பேர் வாங்கின டொயோட்டா கேம்ரி 'மோசம்' வாங்குச்சு. ஹோண்டா அக்கார்டு 'நல்லது' வாங்குச்சு. கம்பெனிகள் விழுந்தடிச்சு டிரைவர் பக்கத்தைப் பலப்படுத்தினாங்க.

டிரைவர் பக்கத்தை மட்டும்! ஏன்னா சோதனை அந்தப் பக்கம்தான நடந்துச்சு. 2016-ல டிரைவர் பக்கம் 'நல்லது' வாங்கின 7 சின்ன எஸ்யூவிகளை எடுத்து, பக்கத்து சீட் பக்கமா இடிச்சுப் பார்த்தாங்க. ஒண்ணே ஒண்ணுதான் அங்கயும் 'நல்லது'. கேள்வித்தாள் முன்கூட்டியே தெரிஞ்ச பையன் படிச்ச மாதிரி படிச்சிருக்காங்க. பக்கத்துல உட்கார்றது யாருன்னு கொஞ்சம் யோசிச்சிருக்கலாம், இல்லையா?

பக்கவாட்டு மோதல்ல செடானுக்கு இயல்பாவே ஒரு சிக்கல். முன்னாடி நசுங்க ஒரு மீட்டர் இடம் இருக்கு. பக்கத்துல கதவோட தடிமன்தான். செடான் தாழ்வா இருக்கிறதால எஸ்யூவியோட பம்பர் கெட்டியான அடிச்சட்டத்துக்கு மேல, கதவுல வந்து இடிக்கும். 1,900 கிலோ சோதனை வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்துல காரோட பக்கவாட்டுல மோத விடுற புதுச் சோதனையில 2022-ல கேம்ரி, ஆல்டிமா, மாலிபு மூணுமே 'மோசம்'. ஆமா, மாலிபு. நம்ம ஹீரோவோட வாரிசு.

(திரையில்: பின் சீட். பொம்மை முன்னால் வளையும் காட்சி.)

இப்ப நான் நிஜமா கோபப்படுற இடம். பின் சீட்.

"பின்னாடி உட்காரு, அதுதான் சேஃப்"னு சொல்லியே வளர்ந்தோம். 2007-க்கு அப்புறம் வந்த கார்கள்ல, பெல்ட் போட்டவங்களை மட்டும் எடுத்துப் பார்த்தா, முன்னாடி இருக்கிறவரை விடப் பின்னாடி இருக்கிறவர் உயிரிழக்கிற ஆபத்து 46 சதவீதம் அதிகம்னு ஐஐஎச்எஸ் சொல்லுது. பின் சீட் கெட்டுப் போகல. முன் சீட் எங்கயோ போயிடுச்சு, பின் சீட் அங்கயே நின்னுடுச்சு. முன்னாடி பெல்ட், மோதின நொடியில தொளதொளப்பை இழுத்து இறுக்கும். அப்புறம் நெஞ்சு எலும்பு உடையாம இருக்கக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பின்னாடி பல கார்கள்ல இந்த ரெண்டுமே கிடையாது. எதிர்ல ஏர்பேக்கும் இல்லை. இடுப்புப் பட்டை வயித்து மேல ஏறி உள்ளுறுப்புகளை அழுத்திடும்.

அதனால 2022-ல இருந்து பின் சீட்லயும், சின்ன உருவப் பெண் அளவுல ஒரு பொம்மையை வச்சு இடிக்கிறாங்க. 2023-ல நடுத்தர கார்கள் முறை வந்துச்சு. அக்கார்டு மட்டும் 'நல்லது'. சொனாட்டா, ஜெட்டா, கே5 மூணும் 'மோசம்'. குடும்ப கார்னு விளம்பரம் பண்றீங்க, குடும்பம் உட்கார்றது பின்னாடிதான? பாட்டு கேக்குற திரைக்குக் கொடுக்கிற காசுல கொஞ்சத்தைப் பின் சீட் பெல்ட்டுக்குக் கொடுங்கன்னு நான் கேக்குறேன். உங்களுக்கும் அதே எண்ணம்னா ஒரு லைக். 13 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைகளுக்கு இன்னமும் பின் சீட்தான் சரி, அவங்களை முன்னாடி கொண்டு வந்துடாதீங்க. முன்னாடி ஏர்பேக்கே அவங்களுக்கு ஆபத்து.

கடைசியா நட்சத்திரக் கணக்கு. முன்பக்க மோதல் ரேட்டிங்கை ஏறக்குறைய ஒரே எடை உள்ள கார்களுக்குள்ளதான் ஒப்பிடணும். 2009-ல டொயோட்டாவோட சின்னக் கார் யாரிஸையும் கேம்ரியையும் ஐஐஎச்எஸ் மோத விட்டுச்சு. தடுப்புச் சோதனையில நல்ல பேர் வாங்கின யாரிஸ், தன்னை விடக் கனமான கேம்ரிகிட்ட 'மோசம்' ஆச்சு.

வேகத்தையும் பாருங்க. இந்த 40 சதவீத, 25 சதவீத முன்பக்கச் சோதனைகள் 64 கிலோமீட்டர்ல நடக்குது. நீங்க 80-ல போனா வேகம் 25 சதவீதம்தான் கூட, மோதல் ஆற்றல் 56 சதவீதம் கூட. அதுக்கு அந்த ரேட்டிங் பொறுப்பில்லை.

இன்னொண்ணு, நட்சத்திரத்துக்குப் பக்கத்துல இருக்கிற வருஷத்தைப் படிங்க. ஃபியட் புன்டோ 2005-ல யூரோ என்கேப்ல, அதாவது ஐரோப்பாவுல கார்களை மோத விட்டு நட்சத்திரம் கொடுக்கிற அமைப்புல, 5 நட்சத்திரம். பெருசா மாறாம அப்படியே வித்துக்கிட்டிருந்தாங்க. 2017-ல மறுபடி சோதிச்சப்ப பூஜ்யம். கேள்வித்தாள் கஷ்டமாயிடுச்சு, கார் மட்டும் அதே கார்.

(திரையில்: கமெண்ட் பெட்டி.)

உங்க கார் மாடல், அது தயாரான வருஷம், பின் சீட் பெல்ட்ல இழுத்து இறுக்குற வசதி இருக்கா இல்லையா, மூணையும் கமெண்ட்ல போடுங்க. கையேட்டைத் திறந்து பார்த்துட்டுப் போடுங்க, சேல்ஸ்மேன் சொன்னதைப் போடாதீங்க. அதிகமா வர்ற 5 கார்களோட மோதல் காட்சியை அடுத்த வீடியோவுல ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்ப்போம்.