429 கோடிக்குள் ஒரு 641

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பெரிய எண்ணுக்குப் பெருமை தருவது அளவா, அமைப்பா என்பது கேள்வி. அமைப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் கூகோலைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்றுக்குப் பின்னால் நூறு பூஜ்ஜியம். சரி, பெரிய எண்தான். ஆனால் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 நூறு தடவை, 5 நூறு தடவை, அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளையே பிரித்துவிடும். அதில் தேடிக் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

என் எண்ணுக்குப் பத்தே இலக்கம்: 429,49,67,297. முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கூட்டினால் இது வரும். இதே முறையில் 1, 2, 4, 8, 16 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கூட்டிப் பாருங்கள். 3, 5, 17, 257, 65,537 வரும். ஐந்தும் பகா எண்கள். இப்படி வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640-ல் ஃபெர்மா நம்பினார். எவ்வளவு பெரிய கணித மேதை! 1732-ல் ஆய்லர் அடுத்த எண்ணையே உடைத்துக் காட்டினார்: 641 × 67,00,417.

பகா எண்களை வரிசையாக எடுத்து வகுத்துக்கொண்டே போனால், 116-வதாகத்தான் 641 வரும். ஆனால் இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீர வேண்டும். ஆய்லரே பின்னாளில் இதை நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்களை மட்டும் எடுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே பிடிபட்டுவிட்டது! அமைப்பைத் தெரிந்துகொண்டவருக்கு 429 கோடி ஒரு மலைப்பே இல்லை, நடுவர் அவர்களே.

இன்னொன்று சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்தது. 1796-ல் கௌஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரையலாம் என்று காட்டினார். எந்தப் பலகோணத்தை இப்படி வரைய முடியும் என்பதைப் பக்க எண்ணிக்கையின் காரணிகள்தான் தீர்மானிக்கின்றன. நம் எண்ணில் இரண்டைக் கழியுங்கள்: 429,49,67,295. அது 3 × 5 × 17 × 257 × 65,537. நான் சொன்ன அதே ஐந்து பகா எண்கள்! அத்தனை பக்கங்கள் கொண்ட பலகோணத்தைக் கோட்பாட்டளவில் வரைய முடியும். அடுத்த எண், வெறும் இரண்டுகளின் பெருக்கல், அதுவும் முடியும். அதற்கும் அடுத்தது நம் எண். முடியவே முடியாது. அளவில் ஒன்று, இரண்டுதான் வித்தியாசம். அளவை வைத்து இதை யார் விளக்குவது? எதிரணி சொல்லட்டும்.

இதே குடும்பத்தில் 1,67,77,216 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கூட்டிய எண் ஒன்று உண்டு. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அளவு துல்லியமாகத் தெரியும். அது பகா எண் அல்ல என்று 1999-ல் நிறுவியும் விட்டார்கள். ஆனால் அதன் ஒரு காரணிகூட இன்னும் அகப்படவில்லை. கணிதர்கள் தேடிக்கொண்டிருப்பது அதைத்தான், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.