32 ஜிபிக்கு மேல ஃபேட்32 போட முடியாதா? யார் சொன்னது!

[திரையில: ரேடியோ செட் ஆம்ப்ளிஃபையர், க்ளோசப்]

ராத்திரி பத்தரை மணி. விடிஞ்சா எங்க ஊர்ல கோயில் கொடை, காலைல 5 மணிக்கு பாட்டு போட்டாகணும். ரேடியோ செட் வச்சிருக்க எங்க மாமா போன் பண்றாரு. "மாப்ள, புதுசா 64 ஜிபி பென்டிரைவ் வாங்கி 600 பாட்டு ஏத்திருக்கேன்டா, செட்டுல சொருகுனா லைட்டு ரெண்டு தடவ மினுங்குது, அப்புறம் அப்படியே நின்னுபோவுது. லேப்டாப்புல போட்டா நல்லா பாடுது!"

"மாமா, அத ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பாருங்க, ஃபைல் சிஸ்டம்னு என்ன போட்டிருக்கு?"

"எக்ஸ்ஃபேட்டுன்னு இருக்குடா."

வணக்கம் மக்களே! இதேதான் பழைய கார் ஸ்டீரியோலயும், பழைய டிவிலயும், பிஎஸ்3 கேம் பெட்டிலயும் நடக்குது. ஃபைல் சிஸ்டம்ங்கறது டிரைவ்ல ஃபைல எப்படி அடுக்கி வைக்கறதுங்கற முறை, ஒரு பாஷை மாதிரி. எக்ஸ்ஃபேட் ஒரு பாஷை, ஃபேட்32 இன்னொரு பாஷை. இதுங்கள்ல பலதுக்கு தெரிஞ்ச ஒரே பாஷை ஃபேட்32. சரி மாத்திடலாம்னு விண்டோஸ்ல ஃபார்மேட் பாக்ஸ திறந்தா, 64 ஜிபி டிரைவுக்கு என்டிஎஃப்எஸ் இருக்கும், எக்ஸ்ஃபேட் இருக்கும், ஃபேட்32 மட்டும் லிஸ்ட்லயே இருக்காது. கடைல கேட்டா "32 ஜிபிக்கு மேல ஃபேட்32 வராது சார், வேற சின்ன பென்டிரைவ் வாங்கிக்கோங்க"ம்பாங்க. தப்பு, வரும். 2 டிபி வரைக்கும் வரும்.

வரலாற சட்டுனு முடிச்சிடறேன். ஃபேட்ங்கறது 1977ல மைக்ரோசாஃப்ட்ல மார்க் மெக்டொனால்ட் எழுதினது, ஃப்ளாப்பி காலத்து சமாச்சாரம். ஃபேட்32 வந்தது 1996ல, விண்டோஸ் 95ஓட ரெண்டாவது வெளியீட்டுல. அவ்ளோதான்.

இப்ப அந்த 32 ஜிபி கணக்கு எங்கருந்து வந்துச்சுங்கறத கேளுங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது. 1994 கடைசில டேவ் ப்ளம்மர்னு ஒரு மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர், விண்டோஸ் என்டிங்கற அந்த காலத்து விண்டோஸுக்காக இந்த ஃபார்மேட் பாக்ஸ எழுதறாரு. டிரைவ ஃபார்மேட் பண்றதுக்கு என்னென்ன ஆப்ஷன் வேணுமோ எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி, ஒண்ணுக்கு கீழ ஒண்ணா அடுக்கி வச்சிட்டாரு, பின்னாடி யாராவது அழகா ஒண்ணு செய்வாங்க, அது வர்ற வரைக்கும் இது இருக்கட்டும்னு. அப்பதான் ஃபேட் டிரைவ் எவ்ளோ பெருசா இருக்கலாம்னு ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்துச்சு, 32 ஜிபின்னு வச்சாரு. அன்னிக்கு காலைல அவரா ஒரு நம்பர் வச்சதுதான்னு அவரே பின்னாடி வெளிப்படையா சொல்லிட்டாரு. அந்த தற்காலிக பாக்ஸ் 30 வருஷமா அப்படியே இருக்கு!

ஆனா அவர் சும்மா வைக்கல, காரணம் இருக்கு. டிரைவ ஒரு லாட்ஜா நினைச்சுக்கோங்க. ரூம் எல்லாம் ஒரே அளவு, அதுக்கு பேரு க்ளஸ்டர். ஒரு ஆள் வந்தாலும் முழு ரூம் கொடுத்தாகணும், பாதி ரூம் வாடகைக்கு கிடையாது. ரிசப்ஷன்ல ஒரு பெரிய நோட்டு இருக்கும், இந்த ஃபைலோட மிச்சம் அடுத்து எந்த ரூம்ல இருக்குன்னு அதுல எழுதிருக்கும், அந்த நோட்டுதான் ஃபேட். பத்திரத்துக்கு ரெண்டு காப்பி இருக்கும். டிரைவ் பெருசாக பெருசாக ஒண்ணு நோட்டு தடிக்கணும், இல்ல ரூம் பெருசாகணும். பெரிய ஃபேட்32 டிரைவுக்கு ரூம் பொதுவா 32 கேபி. 2 கேபில ஒரு லட்சம் குட்டி ஃபைல் வச்சிருக்கீங்கன்னு வைங்க, சரக்கு மொத்தம் 200 எம்பிதான், ஆனா அடைச்சிக்கற இடம் 3 ஜிபிக்கு மேல. இந்த வீணா போற இடத்த நினைச்சுதான் ப்ளம்மர் கோடு போட்டாரு.

ஆனா நம்ம மாமா ஏத்தறது பாட்டு. ஒரு பாட்டு 5 எம்பி, கடைசி ரூம்ல மிஞ்சினாலும் 32 கேபி கூட வீணாகாது. அப்ப அவருக்கு இந்த கோடு எதுக்கு?

உண்மையான எல்லை வேற. டிரைவ்ல இருக்கற சின்ன துண்டுக்கு பேரு செக்டார். அந்த செக்டார் எண்ணிக்கைய 32 பிட்டுல, அதாவது 0, 1ன்னு 32 இலக்கத்துல வச்சிருக்காங்க, ஒரு செக்டார் 512 பைட், ரெண்டையும் பெருக்கினா 2 டிபி. அவ்ளோ பெரிய டிரைவ்னா நோட்டே 256 எம்பி ஆயிடும், எவ்ளோ காலி இடம் இருக்குன்னு சொல்றதுக்கு சில சமயம் அத முழுசா புரட்டி பாக்கணும், அதான் பெரிய ஃபேட்32 டிரைவ் சொருகின உடனே முழிச்சிட்டு நிக்கறது. 64 ஜிபிக்கு நோட்டு வெறும் 8 எம்பி, ஒரு கஷ்டமும் இல்ல. வேற எதுலயாவது ஃபார்மேட் பண்ணி கொண்டு வந்தா விண்டோஸே மறுபேச்சு பேசாம படிக்கும்.

இன்னொரு எல்லை இருக்கு, இத மறந்துடாதீங்க. ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகக்கூடாது, சரியா சொன்னா 4 ஜிபிக்கு ஒரு பைட் கம்மி. கல்யாண வீடியோவ காப்பி பண்ணும்போது 50 ஜிபி காலியா இருக்கும், ஆனா ஃபைல் பெருசுன்னு சொல்லி நிறுத்தும். டிரைவ் மேல தப்பில்ல, இதான் காரணம். அப்புறம் இதுல ஜர்னல், அதாவது என்ன மாத்தப்போறோம்னு முன்னாடியே குறிச்சு வைக்கற டைரி கிடையாது, எழுதிட்டு இருக்கும்போது புடுங்கினா எது பாதில நின்னுச்சுன்னு அதுக்கே தெரியாது. அதனால பாட்டுக்கு ஃபேட்32 வைங்க, குடும்ப போட்டோ பேக்கப்ப தயவுசெஞ்சு இதுல வைக்காதீங்க.

[திரையில: கமாண்ட்]

எப்படி மாத்தறது? முதல்ல உள்ள இருக்கறத எல்லாம் வேற இடத்துல காப்பி எடுத்துடுங்க. விண்டோஸ்னா ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர டவுன்லோட் பண்ணுங்க, இலவசம், பெரிய டிரைவுக்கும் ஃபேட்32 போடும். மேக்னா டிஸ்க் யுடிலிட்டில எம்எஸ்-டாஸ் ஃபேட், டிரைவ எப்படி பிரிக்கறதுங்கற ஸ்கீம் மட்டும் மாஸ்டர் பூட் ரெக்கார்ட் வைங்க, ஜிபிடிங்கற புது ஸ்கீம வச்சா பல பழைய செட்டுங்க படிக்காது. 2024 ஆகஸ்ட்ல விண்டோஸ் 11 சோதனை பதிப்புல கமாண்ட் லைன்ல, அதாவது ஃபார்மேட் கமாண்ட டைப் பண்ணி ஓட்டற இடத்துல, 2 டிபி வரைக்கும் திறந்து விட்டாங்க, 30 வருஷம் கழிச்சு! பழைய விண்டோஸ்ல அந்த கமாண்ட ஓட்டாதீங்க, சட்டுனு முடிக்கச் சொல்ற /q போடாம விட்டா மணிக்கணக்கா ஓடி நூறு சதவீதம் வந்து நின்னு, அப்புறம்தான் டிரைவ் ரொம்ப பெருசுன்னு சொல்லும். D, E மாதிரி டிரைவ் எழுத்த ரெண்டு தடவ சரி பாருங்க, அவசரத்துல ஹார்ட் டிஸ்க அழிச்சவங்க நிறைய பேரு.

மாமாவுக்கு போன்லயே ரூஃபஸ் சொல்லிக் கொடுத்தேன், பத்து நிமிஷத்துல முடிஞ்சுது, செட்டு படிச்சிருச்சு. ஆனா பதினொன்னரைக்கு மறுபடி போன். "பாடுதுடா, ஆனா வரிசை தாறுமாறா வருது. 01, 02ன்னு நம்பர் போட்டு வச்சிருக்கேன், 47வது பாட்டுல ஆரம்பிக்குது!"

இதான் நான் சொல்லணும்னு காத்திருந்தது. இந்த மாதிரி சின்ன ப்ளேயருங்கள்ல பலது ஃபைல் பேர் வரிசைய பாக்கறதில்ல. ஃபோல்டர்ல எந்த ஃபைல் முதல்ல எழுதப்பட்டிருக்கோ அதத்தான் முதல்ல பாடும். நீங்க எந்த வரிசைல காப்பி பண்றீங்களோ அதான் பாட்டு வரிசை. உங்க கார்லயும் இப்படி ஆகுதான்னு பாத்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க.

"மாமா, எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல பிள்ளையார் பாட்டு ஒண்ண மட்டும் காப்பி பண்ணுங்க. அது முடிஞ்சப்புறம் அடுத்தது."

காலைல 5 மணிக்கு அவரா கூப்பிட்டாரு, ஒண்ணும் பேசல, போன அப்படியே குழாய் ஸ்பீக்கர் பக்கம் புடிச்சாரு. பிள்ளையார் பாட்டு.