தூண் இல்லாத பெருங்கூரை: விமான முனையங்களின் ஷெல் கட்டுமானம்

[காட்சி: வேலூர்க் கோட்டை, ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபம்]

இந்த மண்டபத்தின் சிற்பத் தூண்களை வியந்து பார்க்காதவர் இல்லை; அவை ஏன் இவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று கேட்பவர்தான் குறைவு. கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. மேலே பாவிய கற்பலகை தன் எடையாலேயே வளைய முற்படும்போது அதன் அடிப்புறம் இழுபடுகிறது. தூண்களைத் தள்ளி வைத்தால் அங்கேதான் விரிசல் விழும்.

பெட்டிகளோடு பயணிகள் நகரும் பெரிய விமான முனையத்தில் இத்தனை தூண்களுக்கு இடமில்லை. (நம் வேலூரின் அப்துல்லாபுரம் விமான நிலையத்தின் அளவுக்குச் சாதாரணக் கூரையே போதும் என்பது வேறு செய்தி.) கூரையை வளைத்துவிட்டால், எடையின் பெரும்பகுதி அழுத்தமாக மாறி வளைவின் வழியே தரைக்கு இறங்குகிறது. 1956-இல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் முனையத்தில், மினோரு யமசாகி குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் கான்கிரீட் வளைவுகளை அமைத்தார். அவற்றின் உச்சியில் தடிமன் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர்தான். நம் வீட்டு மொட்டைமாடித் தளத்தின் கனமே இதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

[காட்சி: வளைவின் இரு காலும் வெளிப்புறம் தள்ளும் அம்புக்குறிகள்]

இப்படி வளைத்த மெல்லிய கான்கிரீட் ஓட்டைத்தான் ஷெல் என்கிறார்கள். அது மெல்லியது என்பதால் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது அதன் ஓரத்துக்கும் காலுக்கும்தான். வளைவு தன் கால்களை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால், ஓரங்களில் விலா எலும்பு போன்ற தடித்த கான்கிரீட் பட்டைகளும், அடியில் அந்தத் தள்ளுதலை ஏற்கும் கால்களோ இழுகம்பிகளோ தேவை. நியூயார்க்கில் ஈரோ சாரினென் வடிவமைத்து 1962-இல் திறக்கப்பட்ட டிடபிள்யூஏ விமான நிறுவன முனையத்தின் நான்கு ஷெல்களும் நான்கே கிளைத்த கால்களில் நிற்கின்றன.

கட்டும்போது மிகுந்த கவனம் கேட்பது சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் இறுகும்வரை கூரையின் வடிவத்தைக் காப்பவை பலகையும் முட்டும் மட்டுமே. பிரிக்கும்போது முட்டுகளை உச்சியிலிருந்து தொடங்கிக் கால்களை நோக்கி, இரு பக்கமும் சமமாக, சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும்; ஒரு பக்கத்தை முதலில் உருவினால், வடிவமைப்பாளர் கணக்கில் கொள்ளாத வளைக்கும் விசை ஷெல்லுக்குள் புகுந்துவிடும்.

[காட்சி: பாரிஸ், சார்ல் த கோல் முனையம் 2ஈ]

2004 மே 23 அன்று, திறந்து ஓராண்டுகூட ஆகாத இந்த முனையக் கூரையின் ஒரு பகுதி இடிந்து நால்வர் இறந்தனர். ஜன்னல்களுக்காகத் துளைகள் விட்ட கான்கிரீட் ஓட்டுக்குள், அதை வெளியிலிருந்து தாங்கிய எஃகுத் தாங்கிகள் ஊடுருவின. அந்த இடங்களில் போதிய கம்பி இல்லை. ஒரு பகுதி தளர்ந்தால் சுமையை ஏற்க மாற்று வழியும் இல்லை. வெப்பம் ஏறி இறங்கியதும் சேதத்தைக் கூட்டியது.

கத்திரி வெயிலில் காயும் வேலூரில் இந்தக் கடைசிக் காரணத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். 40 மீட்டர் நீளக் கான்கிரீட் 20 டிகிரி சூடேறினால் சுமார் 8 மில்லிமீட்டர் நீள்கிறது. அதைக் கட்டிப்போட முயன்றால் விரிசலாக வெளிப்படும் என்பதால்தான், பல முனையங்களில் ஷெல்லுக்கும் ஷெல்லுக்கும் இடையே இடைவெளி விட்டு, அதைக் கண்ணாடியால் மூடி வெளிச்சத்துக்கும் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.