ஓடாத மாடியில் ஓடும் விசிறி

வணக்கம் நேயர்களே. மின்சாரச் சிக்கனம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். வீட்டுச் சிக்கனத்தை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விசிறியை நிறுத்தாமல் போன பிள்ளையை ஏசிவிட்டு வந்து வானொலி முன் உட்கார்ந்த அம்மாக்கள் இப்போதும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் பேச வந்தது நீங்கள் வேலைக்குப் போகிற கட்டடங்களைப் பற்றி. ஜாலான் அம்பாங்கிலும் ஜாலான் துன் ரசாக்கிலும் அடுக்கடுக்காக நிற்கின்றனவே, அவற்றைப் பற்றி. இன்னும் சொல்லப்போனால், அவற்றை உள்ளேயிருந்து ஓட்டுகிற ஆட்களைப் பற்றி.

கோலாலம்பூரில் எந்த அலுவலகத்துக்குள் போனாலும் நாற்காலி முதுகில் ஒரு சுவெட்டர் தொங்கும். வெளியே 33 டிகிரி வெயில், உள்ளே கம்பளிச் சட்டை. நம் நாட்டில் வீடல்லாத கட்டடங்களுக்கென்று எம்.எஸ். 1525 என்று ஒரு தரவிதி இருக்கிறது. 2001-ல் முதலில் வந்தது, பிறகு சில முறை திருத்தினார்கள். அறையின் வெப்பம் 24-லிருந்து 26 டிகிரிக்குள் இருக்கட்டும் என்று அது சொல்கிறது. அரசாங்க அலுவலகங்களில் 24-க்குக் கீழே இறக்க வேண்டாம் என்று 2011-லேயே சொல்லியாயிற்று. ஆனாலும் சுவெட்டர் தொங்குகிறது. நம்முடைய சீதோஷ்ணத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மின்கட்டணத்தில் ஏறத்தாழ பாதியைக் குளிரூட்டிதான் தின்கிறது. அப்படியானால் அந்தச் சுவெட்டர் போடும் குளிரை யாரோ காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு குளிர்? சில சமயம் காரணம் சிரிப்பாக இருக்கும். சுவரில் வெப்பம் பார்க்கிற சின்னப் பெட்டிக்குப் பக்கத்தில் ஃபோட்டோஸ்டேட் மெஷினைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். மெஷின் விடுகிற சூட்டில் பெட்டி ஏமாந்து, அறை கொதிக்கிறது என்று நினைத்து, குளிரை அள்ளிக் கொட்டும். மெஷினை நான்கு அடி தள்ளி வைத்தால் போதும். அதை யார் கவனிப்பது? அங்கேதான் என் கதை தொடங்குகிறது.

கட்டடத்தை வரைந்தவர் ஒருவர், கட்டியவர் ஒருவர், சொந்தக்காரர் ஒருவர். தினமும் அதை ஓட்டுகிறவர் இவர்களில் யாரும் இல்லை. அடித்தளத்திலோ மொட்டைமாடியிலோ தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர் இயந்திரத்தின் அறைக்குப் பக்கத்தில், சத்தத்துக்கு நடுவே ஷிஃப்ட் பார்க்கிற டெக்னீஷியன்தான் ஓட்டுகிறார். நம் பையன்கள் நிறையப் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். ஏர்கோன் படித்தவர்கள், மின்சார வேலைக்குப் பொறுப்பேற்கிற சார்ஜ்மேன் சான்றிதழுக்கு உட்கார்ந்தவர்கள். நானும் அந்த அறைகளில் வேலை பார்த்து, இப்போது அப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். பழுதானதைச் சரிபார்க்க அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பழுதாகாமல் ஓடுகிற ஒன்று தேவையில்லாமல் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நகர நடுவில் ஓர் அலுவலகக் கட்டடம், பெயர் வேண்டாம். பயிற்சிக்கு வந்த தம்பிகளை இரவு பத்து மணிக்கு அங்கே வரச் சொன்னேன். ‘பத்து மணிக்கு என்ன அண்ணே பாடம்?’ என்று முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தார்கள். முதலில் கன்ட்ரோல் அறைக்குப் போனோம். கணினித் திரையில் அட்டவணை ஒழுங்காக இருந்தது. மாலை ஏழு மணிக்கு எல்லா மாடியிலும் விசிறி நிற்க வேண்டும். சரி, வாருங்கள் பார்ப்போம் என்று படியேறினோம்.

ஒவ்வொரு மாடியிலும் கழிவறைக்குப் பக்கத்தில் பூட்டிய கதவு ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஏதோ சாமான் அறை என்று நினைத்திருப்பீர்கள். அதற்குள்தான் ஏ.எச்.யூ. இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்ச்சுருளும், அதன் வழியே காற்றைத் தள்ளுகிற பெரிய விசிறியும். சுவரில் ஒரு பேனல், அதில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச். மூன்றே நிலைதான்: மேனுவல், ஆஃப், ஆட்டோ. ஆட்டோவில் இருந்தால் கணினி சொன்னபடி கேட்கும். மேனுவலில் இருந்தால் கணினி என்ன சொன்னாலும் கேட்காது, ஓடிக்கொண்டே இருக்கும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மேனுவலில் இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும்.

கதவைத் திறக்கத் திறக்க ஒரே இரைச்சல். பல மாடிகளில் மேனுவல். ஒரு மாடியில் அந்தச் சுவிட்சின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, ‘ஜாங்கான் உசிக்’, தொடாதே, என்று மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தது. டேப் பழுத்து ஓரம் சுருண்டிருந்தது. யார் எழுதியது? யாருக்கும் தெரியவில்லை. அங்கே பழைய ஆள் ஒருவரைப் பிடித்து விசாரித்தோம். அந்த மாடியில் ஒரு கம்பெனி இருந்ததாம். வருஷக் கணக்கு முடிக்கிற நேரத்தில் இரவு வேலை பார்த்தார்களாம். ஏர்கோன் வேண்டும் என்று கேட்டதால் அப்போதைய டெக்னீஷியன் மேனுவலில் போட்டுவிட்டாராம். கணக்கு முடிந்தது. கம்பெனி இடம் மாறிப் போனது. டெக்னீஷியனும் வேறு வேலைக்குப் போய்விட்டார். மாடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் மேஜை நாற்காலிகூட இல்லை. காலி மாடி ஜில்லென்று இருந்தது.

தம்பிகளில் ஒருவன் செந்தூல்காரன், வாய்த்துடுக்கு உள்ளவன். ‘அண்ணே, ஆட்டோல போட்டு ரூம் சூடாச்சுன்னா உடனே போன் வரும், மேனேஜர் ஏசுவாரு. ராத்திரி பூரா ஓடினா ஒரு போனும் வராது. நீங்களா இருந்தா எதுல போடுவீங்க?’ என்றான். என்னால் அவனை மறுக்க முடியவில்லை. அவன் சொன்னது நியாயம். கரன்ட் பில் அவன் மேஜைக்கு வருவதில்லை. பில்லைப் பார்க்கிற கணக்குப் பிரிவு அந்தக் கதவைத் திறந்ததே இல்லை. அவனைத் திட்டி ஒரு பயனும் இல்லை. மாதா மாதம் பில்லின் நகலை அவனிடம் கொடுங்கள், குறைந்தால் ‘நல்லது தம்பி’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றுதான் நான் நிர்வாகங்களிடம் கேட்கிறேன். கொடுத்த இடங்களும் உண்டு.

இதேபோல இன்னொன்று. விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வி.எஸ்.டி. கருவியை நல்ல விலை கொடுத்து வாங்கிப் போட்டிருப்பார்கள். விசிறியின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாக இறங்கிவிடும். வேகம் கொஞ்சம் குறைந்தாலே மின்சாரம் மடமடவென்று குறைகிற இயந்திரம் அது. ஆனால் போய்ப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸில், அதாவது முழு வேகத்தில், கருவி அசையாமல் நிற்கும். பொருத்திய கம்பெனி கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டது. எப்படிப் பயன்படுத்துவது என்று ஷிஃப்ட்காரரிடம் யாரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசவில்லை. கருவிக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு சிறு பங்கைக் கருவியைத் தொடுகிற கைக்கு ஒதுக்கினால் என்ன? எங்கே போனாலும் இதைத்தான் சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது சட்டம் வந்துவிட்டது. எரிசக்திச் செயல்திறன், சேமிப்புச் சட்டம் 2024, தீபகற்பத்திலும் லாபுவானிலும் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு 21,600 ஜிகாஜூல், மின்சாரமாகச் சொன்னால் 60 லட்சம் யூனிட், அல்லது அதற்கு மேல் செலவழிப்பவர்கள் பதிவு பெற்ற எரிசக்தி நிர்வாகி ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும், தணிக்கையும் செய்ய வேண்டும். 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்களுக்கு எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று காட்டும் முத்திரை உண்டு. நல்ல சட்டம்தான், வரவேற்கிறேன். ஆனால் தணிக்கை என்பது கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்ப்பது மாதிரி. அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டினால் சர்க்கரை இறங்காது. நிர்வாகி பகலில் எக்செல் பார்ப்பார். இரவில் சுவிட்ச் பக்கத்தில் இருப்பவர் வேறு ஆள். அவருக்கும் பாடம் போய்ச் சேர வேண்டும்.

புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் இருக்கிறது, 2010-ல் கட்டி முடித்தது. மேலே அகலம், கீழே குறுகல். மேல்மாடி கீழ்மாடிக்குக் குடை பிடிக்கும். அழகு, சந்தேகமே இல்லை. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆனால் இந்த நகரத்தில் நாம் நாளைக்கு வேலைக்குப் போகப்போகும் கட்டடங்களில் பெரும்பாலானவை எப்போதோ கட்டியாகிவிட்டன. அவற்றைத் தலைகீழாகத் திருப்ப முடியாது. சுவிட்சைத் திருப்பலாம்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார். பயிற்சி எங்கே கிடைக்கும் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எரிசக்தி நிர்வாகி ஆக விரும்புகிறவர்கள் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற பயிற்சி நிலையங்களை விசாரியுங்கள். செடா என்கிற நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையத்தையும் கேட்டுப் பாருங்கள். ஷிஃப்ட் பார்க்கிற தம்பிகளுக்கு, அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வுக்கூடம் கட்டடங்களைத் திரும்பச் சுருதி சேர்ப்பதற்கென்றே, அதாவது இருக்கிற கருவிகளின் அமைப்பைச் சரிபார்த்துத் திருத்துவதற்கென்றே, பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. பனிக்காலப் பாடங்களைத் தாண்டிவிடலாம், அட்டவணையும் வெப்ப அளவும் பற்றிய பகுதி நமக்கு அப்படியே பொருந்தும். முதலாளிகளுக்கு ஒன்று: பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருந்தால் பெரும்பாலும் ஊழியர் பயிற்சிக்கான மனிதவள நிதிக்குச் சம்பளத்தில் ஒரு சதவீதம் கட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். அந்தப் பணத்தை ஹோட்டலில் கைதட்டுகிற தன்முனைப்புப் பட்டறைக்கே எடுக்காதீர்கள். உங்கள் டெக்னீஷியனை ஒரு தடவை அனுப்பிப் பாருங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் துணிக்கடை, சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர்கள், இந்தச் சட்டமெல்லாம் நமக்கு இல்லையே என்று இருப்பீர்கள். உங்களுக்கு ஒரே ஒரு வேலை. இன்று இரவு கடை சாத்தும்போது மீட்டரைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். காலையில் திறந்ததும் இன்னொரு படம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கடை பூட்டியிருந்தபோது ஓடிய கரன்ட். ஃப்ரிஜுக்கும் ஃப்ரீஸருக்கும் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டுக் கழியுங்கள். மிச்சம் பெரிதாக இருந்தால், எது ஓடுகிறது என்று தேடுங்கள். நேரம் முடிந்தது, வணக்கம்.