மூளை ஸ்கேன்ல ஒளிர்றது யோசனையா, ரத்தமா?

[திரையில்: சாம்பல் நிற மூளை. பின்பக்கம் ஒரு ஆரஞ்சுத் திட்டு.]

தர்மபுரியிலயோ கிருஷ்ணகிரியிலயோ தலைவலின்னு போய் எடுக்கிற எம்.ஆர்.ஐ, மூளையோட அமைப்பைக் காட்டும். அதே மாதிரி மெஷின்ல, ரெண்டு மூணு செகண்டுக்கு ஒரு தடவை மூளை முழுக்கப் படம் எடுத்துக்கிட்டே போனா அது எஃப்.எம்.ஆர்.ஐ.

உள்ள படுத்திருக்கிறவருக்கு ஒரு மல்கோவா படம் காட்டுறோம். பின்மண்டையில, பார்வைக்கான பகுதியில நரம்பு செல்கள் மில்லி செகண்டுல வேலையை ஆரம்பிச்சிடும். ஆனா மெஷினுக்கு அந்தத் துடிப்பு தெரியவே தெரியாது. அதுக்குத் தெரியறது, ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், அந்த ஆக்சிஜனை இறக்கிட்ட பிறகு. அதுக்குக் காந்தத் தன்மை இருக்குன்னு 1936-லயே பாலிங், கோரியல்னு ரெண்டு விஞ்ஞானிகள் சொல்லிட்டாங்க. அது பக்கத்துல இருந்தா மெஷினுக்கு வர்ற சிக்னல் மங்கும். இதை வச்சே மூளையைப் படம் பிடிக்கலாம்னு 1990-ல எலிகள்ல காட்டினவர் செய்ஜி ஒகாவாங்கிற விஞ்ஞானி.

இங்கதான் ஒரு இடிக்கிற விஷயம். செல் உழைச்சா ஆக்சிஜன் செலவாகணும், சிக்னல் குறையணும். ஆனா கூடுது!

[திரையில்: வாய்க்கால், மதகு.]

கடைமடையில ஒருத்தர் தண்ணி கேட்டார்னு கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில ஷட்டரைத் தூக்கினா, அவர் வயலுக்கு மட்டுமா வரும்? வாய்க்கால் முழுக்க வரும், அதுவும் லேட்டா வரும். மூளையிலயும் ரத்த ஓட்டம் செலவை மிஞ்சி ஏறுதுன்னு 1986-ல ஃபாக்ஸ், ரெய்க்கில்னு ரெண்டு ஆய்வாளர்கள் காட்டினாங்க. உபரி ஆக்சிஜன் வந்து மங்கல் விலகுறதைத்தான் நாம 'ஒளிருது'ங்கிறோம்.

உச்சம் தொட அஞ்சாறு செகண்ட் ஆகும். மல்கோவா போய் அடுத்த படமே வந்திருக்கும். ஏற்றமும் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு சதவீதம்தான். அதனால திரும்பத் திரும்பக் காட்டி, கணக்குப் போட்டு, அப்புறம் கம்ப்யூட்டர் பூசுற வர்ணம்தான் அந்த ஆரஞ்சு. காபி குடிச்சிட்டுப் படுத்தாகூட மூளைக்குப் போற ரத்தம் குறைஞ்சு சிக்னல் மாறும். அதனால "இவர் பொய் சொல்றார், ஸ்கேன்ல தெரியுது"ன்னு யாராவது சொன்னா, நான் நம்ப மாட்டேன்.

அப்போ எல்லாம் வீணா? இல்லை. 2001-ல லோகோதெடிஸ்ங்கிற விஞ்ஞானியோட குழு குரங்குகள்ல மின்முனையும் ஸ்கேனும் ஒண்ணா வச்சுப் பார்த்தாங்க. செல்கள் வெளிய அனுப்புற துடிப்பைவிட, அந்த இடத்துக்குள்ள வந்து சேர்ற சேதிகளோடதான் ஸ்கேன் சிக்னல் நல்லா ஒத்துப்போச்சு.

மூளைக் கட்டி ஆபரேஷனுக்கு முன்னாடி, பேச்சு எங்க, கை அசைவு எங்கன்னு பார்க்க இது உதவுது. ஆனா கட்டி பக்கத்துல ரத்தக்குழாய்கள் சரியா விரியாம இருக்கலாம். அப்போ செல் வேலை செஞ்சும் திட்டு வராம போகலாம். அதனால இந்த மாதிரி முக்கியமான இடங்கள்ல, சர்ஜன் மண்டையோட்டைத் திறந்த பிறகும், பல சமயம் மின்முனையால தொட்டுப் பார்த்துட்டுத்தான் கத்தியை வைப்பார்.