சாகோஸ் அறிக்கைகளை முதலில் யார் படிப்பது?

வணக்கம், நேயர்களே. பல்கலைக்கழக ஆய்வுக்கும் வெளியுறவுக் கொள்கைக்கும் என்ன தொடர்பு என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். பொதுப்படையாகப் பேசினால் நீங்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவீர்கள். ஆகவே இந்தியப் பெருங்கடலில் நம் மொரிசியஸிலிருந்து பிரிட்டன் பிரித்தெடுத்து, குடிகளையும் வெளியேற்றிய சாகோஸ் தீவுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2019 பிப்ரவரி 25 அன்று ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம் தன் கருத்துரையை வழங்கியது. 1965இல் சாகோஸைப் பிரித்தெடுத்ததால் மொரிசியஸின் காலனி விடுதலை சட்டப்படி நிறைவடையவில்லை. பிரிட்டன் அங்கே தன் நிர்வாகத்தைக் கூடிய விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்றது. அடுத்த மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் நம் பக்கம் வாக்களித்தன. எதிர்த்தவை ஆறு.

இராணுவமே இல்லாத நாட்டுக்கு இது எப்படி வாய்த்தது? வழக்கறிஞர்களின் திறமை பாதி. லண்டனில் கியூ ஆவணக்காப்பகத்தில் தூசி படிந்து கிடந்த கோப்புகளைப் புரட்டியவர்களின் பொறுமை மீதி. தீவுகளில் நிரந்தரக் குடிகளே இல்லை, இருப்பவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள்தாம் என்று உலகத்துக்குச் சொல்லிவிடலாம் என 1960களில் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது. தலைமுறைகளாக அங்கேயே பிறந்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்களைப் பற்றிய பேச்சு அது.

இதைக் கேட்டு மொரிசியஸ் தமிழர்களான நமக்குச் சுருக்கென்று தைக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர் வழியினர் நீங்கலாக, நம்மில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளின் வாரிசுகள். முப்பாட்டன் பெயரைத் தேடி மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்கு, ஒரு தாளில் பெயர் இருப்பதும் இல்லாததும் என்ன செய்யும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் கோப்புகள் மட்டும் போதவில்லை. சாகோஸின் பெரோஸ் பான்யோஸ் தீவில் பிறந்த லிஸ்பி எலிசே அம்மையார், எழுதப் படிக்கத் தெரியாதவர், கிரியோல் மொழியில் பேசிய காணொளி 2018 செப்டம்பரில் ஹேக் நீதிபதிகள் முன் ஓடியது. கப்பலில் ஏற்றப்பட்டதையும் வயிற்றுப் பிள்ளையை இழந்ததையும் சொன்னார். ஆவணங்கள் சொல்லாமல் விட்டதை அவர்தான் சொன்னார்.

ஆய்வு எல்லாம் இப்படி நல்ல பக்கமே நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தீவினர் திரும்பிப் போக முடியுமா என்று பிரிட்டிஷ் அரசு செய்வித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. நீண்டகாலக் குடியேற்றம் கட்டுபடியாகாது, ஆபத்தானது என்றது. அதைக் காட்டித்தான் 2004இல் அரசாணை போட்டுக் கதவை அடைத்தார்கள். அந்த அறிக்கையின் முந்தைய வரைவுகள் என்ன சொல்லின என்ற வாதம் 2016 வரை பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தில் இழுத்தது. தீவினர் தோற்றார்கள்.

பிறகு 2010 ஏப்ரலில் கடல் காப்பகம் அறிவித்தார்கள். பவளப்பாறைகளைக் காக்க வேண்டும் என்ற விஞ்ஞானிகளின் அக்கறை உண்மையானதுதான். ஆனால் காப்பகம் வந்தால் தீவினரின் கோரிக்கை அடங்கிவிடும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் சொன்னதாக 2009இல் அமெரிக்கத் தூதரகம் அனுப்பிய தகவல் விக்கிலீக்ஸில் வெளியானது. கடற்சட்ட ஒப்பந்தத்தின் கடமைகளைப் பிரிட்டன் மீறியது என்று 2015இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. நல்ல விஞ்ஞானத்தை யார் எந்த நோக்கத்துக்குக் கையிலெடுக்கிறார்கள் என்று கேட்பதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை.

இனி நம் முறை. 2025 மே 22 அன்று பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால், இராணுவத் தளம் உள்ள தியேகோ கார்சியா நீங்கலாக மற்றத் தீவுகளில் மக்களைக் குடியமர்த்தும் திட்டத்தை மொரிசியஸ் மேற்கொள்ளலாம். பிரிட்டனிடமிருந்து எவ்வளவு பணம் வரும் என்ற பேச்சு ஊரெல்லாம் கேட்கிறது. குடியேற்றம் பற்றிய பேச்சு காதில் விழவில்லை. குடிநீர், துறைமுகம், பள்ளி, மருத்துவமனை என்று அறிக்கை கேட்கப்போவது இம்முறை போர்ட் லூயிஸில் உள்ள நம் அரசு. எழுதப்போவது ரெதுயில் உள்ள நம் மொரிசியஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர்களாகவும் இருக்கலாம். அதன் முதல் வரைவு, அமைச்சரின் மேசைக்குப் போகும் முன்பு, ரோஷ் புவாவிலும் புவாந்த் ஓ சாப்லிலும் உள்ள சாகோஸ் குடும்பங்கள் முன்னிலையில் கிரியோலில் வாசிக்கப்பட வேண்டும். அவர்கள் மறுத்துச் சொல்வதையும் சேர்த்தே அச்சிட வேண்டும்.